நாலு

ஜெலுத்தோங் சாலையில்
டயர் கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவில் எங்கள் கிளினிக்.
டாக்டர் குலவீரசிங்கம் கைராசிக்காரர்.
ஃபெர்ரி ஏறி வந்து காத்திருப்பவர்கள் உண்டு.
அடுத்த மாதம் தருகிறேன் என்றால் சரி என்பார்,
அடுத்த மாதம் கேட்கவும் மாட்டார்.

மருந்துப் பையில் பெயர் எழுதுவது,
ஊசி போடும்போது பிள்ளையின் காலைப் பிடிப்பது,
ஐஸ்பெட்டி நோட்டில் வெப்பம் குறிப்பது
என் வேலை. பதினோரு வருஷம்.

காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம்.
இரண்டுக்குக் கீழே இறங்கக்கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக்கூடாது.
நான் நாலு போடுவேன்.
முதலில் பார்த்துப் போட்டேன்.
பிறகு பார்த்ததுபோல் போட்டேன்.
பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில்
அடுத்த வாரத்துக்கும் சேர்த்து,
தண்டனைக்கு எழுதும் பள்ளிப் பிள்ளைபோல
நாலு நாலு நாலு.
மாதக் கடைசியில் டாக்டர் கீழே கையெழுத்திடுவார்,
மறு கையில் தேநீரோடு.

இன்று வந்தவர் புவான் ரொஹைசா.
கழுத்தில் சுகாதார இலாகா அட்டை.
லைசென்ஸ் பார்த்தார். ஊசிக் குப்பைப் பெட்டியைத் திறந்து மூடினார்.
காலாவதியான இருமல் மருந்து இரண்டு புட்டி,
சத்தமில்லாமல் ஓரமாக வைத்தார்.
பிறகு நோட்டு.

விரல் ஒரு தேதியில் நின்றது.
"அன்றைக்குத் திறந்திருந்தீர்களா?"

தீபாவளி.
காலை நாலு. மாலை நாலு.
சுழிகூடப் பிசகாத என் கையெழுத்து.

திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.
தன் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் எடுத்து
டாக்டரின் தயிர் டப்பாவுக்கும் தடுப்பூசிக்கும் நடுவில் வைத்து
கதவைச் சாத்தினார்.
"டுவா புளோ மினிட்."

இருபது நிமிஷம்.
உள்ளே டாக்டர் யாரையோ ஆ காட்டச் சொன்னார்.
நம்பர் பதினேழை அழைத்தேன், பதினாறு கோபித்துக்கொண்டது.
ஐஸ்பெட்டி வழக்கம்போல் முனகியது.
அந்த முனகலைத்தான் நான்
ஆரோக்கியம் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் மழையில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை.
காலையில் ஐஸ்பெட்டிக்கு அடியில் தண்ணீர்.
துடைத்தேன். துணியைப் பிழிந்தேன்.
நாலு போட்டேன்.
அந்த வாரம் ஊசி போட்டவர்கள்:
நஸ்ரீனின் இரண்டாவது பையன்,
மீன்கடை ஆ ஹுவாட்டின் பேத்தி,
என் நாத்தனார் மகள் கவிஷா.
அழவே இல்லை அவள். கெட்டிக்காரி என்று
எல்லோரும் கைதட்டினோம்.

பதினொன்றரை.

டாக்டர் வெளியே வந்தார், கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.
"முப்பத்திரண்டு வருஷம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை."
"ஆகியிருந்தால் இங்கேயா வந்து சொல்வார்கள், டாக்டர்?"
மரியாதையாகத்தான் கேட்டார் அந்த அம்மா.

பால் கெட்டால் திரியும்.
மீன் கெட்டால் தெரு முழுக்கச் சொல்லும்.
தடுப்பூசி கெட்டால் நிறம் மாறாது, நாறாது,
நல்லதைப் போலவே வலிக்கும்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.
இப்போது என் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.
நோட்டைத் திருப்பி, பக்கத்தின் அடியைத் தொட்டு,
"இதுவும் என் கைதான்" என்றார்.
கைராசி என்று ஊர் சொல்லும் கை.
கொஞ்சம் நடுங்கியது.

மதியம் மஞ்சள் பையில் எல்லாவற்றையும் கட்டினோம்.
தயிரையும்.
செப்டம்பரிலிருந்து நாற்பத்து மூன்று பெயர்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
என்ன சொல்வதென்று எழுதிப் பார்த்தேன்.
பயப்பட ஒன்றும் இல்லை,
அடித்தேன்.
சின்னத் தவறு,
அடித்தேன்.
மறுபடி ஊசி போட வேண்டும், காசு வேண்டாம், ஏனென்றால்

நாத்தனார் போனை எடுத்துவிட்டாள்.
"என்ன, கிளினிக் நேரத்தில்?"
பின்னால் கவிஷா
யாருக்கோ எண்ணச் சொல்லிக் கொடுக்கிறாள்,
ஒன்று, ரெண்டு, மூணு,
அடுத்ததற்கு முன் நான் பேசியாக வேண்டும்.